பழைய வீதியில் ஒரு வீட்டைத் தனியாகச் சரிசெய்யப் போனேன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது 4 லட்சத்து 20 ஆயிரம். அவர் செய்த வேலையைப் பெயர்த்தெடுக்கக் கூலி 70 ஆயிரம். மாடிப் போர்ஷனில் 14 மாதம் யாரையும் குடிவைக்க முடியாமல் போன வாடகை, மாதம் 9 ஆயிரம் வீதம் 1 லட்சத்து 26 ஆயிரம். ஆக 6 லட்சத்து 16 ஆயிரம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்க்க ஒரு வருடம் தைரியம் வரவில்லை. பணம் போனபோதுகூட நான் அழவில்லை. எங்கள் வீதியிலேயே, பன்னிரண்டு வீடு தள்ளி, பழைய வீட்டு வேலையைக் கரைத்துக் குடித்தவர்கள் ஒரு சங்கம் வைத்து மாதாமாதம் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அழுதேன்.

வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. வெளியூர்க்காரர்கள் படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம். இந்தப் பக்கம் தமிழ்ப் பகுதி. இங்கே வீடுகள் ஒன்றோடொன்று தோளை ஒட்டிக்கொண்டு நிற்கும். வீதியை ஒட்டி மரத்தூண்கள் மேல் சரிந்த ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, கதவைத் தாண்டினால் ரேழி, அப்புறம் முற்றம். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில் வளைவு ஜன்னலும், சுவரை ஒட்டிய தூண்களும், மேலே கைப்பிடிச் சுவரில் சுதை வேலையுமாக இருக்கும். கீழே வேட்டி கட்டிக்கொண்டு மேலே கோட்டுப் போட்ட மாதிரி என்று தாத்தா சொல்வார். இந்த ஊரில் அப்படி நிறைய வீடுகள் உண்டு.

2018-ல் அம்மா இறந்துபோனார். அண்ணன் குடும்பம் பிரான்சில், பாரிசுக்குப் பக்கத்தில். இந்த ஊரில் அது அதிசயமில்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைக் காட்டி விசாரித்தால் மூன்று வாரிசில் இரண்டு பேர் அங்கேதான் இருப்பார்கள். அதனால்தான் பல வீடுகள் யாரும் தொடாமலே இற்று விழுகின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அப்போது விழுப்புரத்தில் வேலையில் இருந்தேன். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. சனி, ஞாயிறு பஸ் பிடித்து வருவேன். 2011-ல் தானே புயலில் நகர்ந்த ஓடுகளை அம்மா அரைகுறையாகத்தான் சரிசெய்து வைத்திருந்தார். மாடித் தளம் ஒழுகியது. கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று என் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் என் முதல் மூன்று மாதம் இதில்தான் போனது. அண்ணன் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினான். அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கித்தான் அனுப்பினான், அதுவரை சரி. அப்படி வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். எனக்குத் தெரியாது. பீரோவில் புடவைக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். கெடு தாண்டியபிறகு அதை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. அண்ணன் மறுபடி லீவு போட்டுப் போய் மறுபடி எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி. இன்னொன்று, எங்கள் வீட்டின் மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. அந்தக் காலத்து நொத்தேர், அதாவது பிரெஞ்சு முறையில் பத்திரம் எழுதும் அதிகாரி, எழுதியது. அதை முறையாக மொழிபெயர்த்து வாங்கி வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைத் தொட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பொதுச்சுவர் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்கத் தெரியாததால் அது முழுக்க என் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு விலை கொடுத்தேன், வருகிறேன்.

2019 பிப்ரவரியில் ஒப்பந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். இன்றைக்கும் அவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்த வேலை புது வீடு கட்டுவது. பழைய பூச்சை முழுக்கத் தட்டிவிட்டுச் சிமென்ட் பூச்சு, மாடியில் காங்கிரீட் போட்டு வாட்டர் புரூஃப், வெளியே பெயின்ட், எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் என்றார். சுண்ணாம்புதானே முன்பு பூசியிருந்தது என்று கேட்டேன். "இந்தக் காலத்துல யாரு டீச்சர் சுண்ணாம்பு பூசுறாங்க? அது கெடைக்கவும் கெடைக்காது, நிக்கவும் நிக்காது" என்றார். நூறு வருடத்துக்கு மேல் நின்ற சுவருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தாழ்வாரத்தைப் பிரித்துவிட்டு ஷீட் போடலாம் என்றார். அதற்கும் தலையாட்டினேன். நான்கு தேக்குத் தூண்களையும் பழைய சாமான் எடுப்பவரிடம் 9 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, ஆரோவில் போகும் வழியில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கடையில் அதேபோல் ஒரு தூணுக்கு 18 ஆயிரம் சொன்னார்கள். அது எங்கள் வீட்டுத் தூண்தானா என்று தடவித் தடவிப் பார்த்தேன். சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய என் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. மேலே சொன்ன கணக்கில் தூண்களைச் சேர்க்கவில்லை.

வேலை முடிந்த பகுதி ஆறு மாதம் அழகாக இருந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. முதலில் தரையிலிருந்து ஒரு முழம், அப்புறம் இடுப்பளவு. ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. பிறகுதான் புரிந்தது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்டை அப்பினால் ஈரம் வெளியே போக வழியில்லை. மேலே மேலே ஏறும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து ஏறும். மாடி அதைவிட மோசம். எங்களுடையது மெட்ராஸ் ஒட்டுத் தளம். தேக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகக் கட்டைகள், கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தது. அந்தத் தட்டோட்டின்மேல் நாலு விரல் கனத்துக்குக் காங்கிரீட் ஏற்றிவிட்டார்கள். ஒழுகுவது நிற்கவில்லை, ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவும் முடியவில்லை. டிசம்பரில் கூடத்து உத்தரம் நடுவில் லேசாகத் தொய்ந்திருப்பதைக் கண்டேன். மாடியில் குடியிருந்த பையன்கள் இரண்டு பேரும் பயந்து காலி செய்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் எனக்கு மேரி கட்டடம்தான் கனவில் வரும். கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம், 1870-71-ல் கட்டியது. வருடக்கணக்கில் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் பொலபொலவென்று சரிந்தது. பிறகு அதே முகத்தோடு திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசாங்கத்துக்கு உலக வங்கிக் கடன் கிடைக்கும். எனக்கு யார் கொடுப்பார்கள்? ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு. நான் அதற்குள் ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கே வந்திருந்தேன். தொய்ந்த உத்தரத்துக்கு அடியில் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, அதற்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். அந்த வருடத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

சங்கத்தோடு என் அறிமுகம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. 2021 ஜனவரியில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினார். என் பக்கம் சிமென்ட் பூசியதிலிருந்து அவர் பக்கத்துச் சுவரில் ஓதம் இரண்டு மடங்காகிவிட்டது, சாமி அறைச் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது என்றார். என் சுவர், என் இஷ்டம் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். அவர் உள்ளே போய்த் தன் வீட்டுப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து வந்து பொதுச்சுவர் என்ற வரியைக் காட்டினார். எனக்கு முகம் செத்துப்போனது. வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சங்கத்துக்கு வா. அங்க வெச்சுப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன். ஒரு திண்ணையில் பதினோரு பேர். ஏதோ பாரம்பரியம், கலாச்சாரம் என்று உரை நிகழ்த்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். முக்கால் மணி நேரம் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசினார்கள். எந்த மூடி உடைந்திருக்கிறது, யார் மனு கொடுத்தது, எந்தத் தேதி, ரசீது எங்கே. செயலாளர் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாவற்றுக்கும் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். கடைசியில் என் முறை வந்தது. நான் பேச ஆரம்பித்ததும் குரல் உடைந்துவிட்டது. அவர் நோட்டைப் புரட்டி, "டீச்சர், உங்க வீட்டுக்குச் சாரம் கட்டுனப்ப நான் ரெண்டு தடவ வந்தேன். பூட்டியிருந்துச்சு. வேலையாளுங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றார். தேதி போட்டு எழுதியே வைத்திருந்தார். வேலையாட்கள் என்னிடம் சொல்லவில்லை. நானும் சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுகிறவள், வீதியில் யாருடனும் இரண்டு வார்த்தை பேசியவள் இல்லை. ஆகவே முதல் யோசனையாக இதைத்தான் சொல்வேன். பழைய பகுதியில் ஒரு வீட்டைத் தொடுவதற்கு முன், அந்த வீதியில் ஒரு மாதம் சும்மா நடங்கள். யார் வீட்டுச் சுவர் உலர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வேலை செய்தது யார் என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் மூன்று கொட்டேஷன் வாங்குவதைவிட அது பெரிய விஷயம்.

சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களிடம் பணம் கிடையாது. மாதச் சந்தா 100 ரூபாய். பதிவு செய்த சங்கம்தான். 1860-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. தனி ஆளாக மனு கொடுத்தால் "பார்க்கிறோம்" என்பார்கள். பதிவு எண் போட்ட தாளில், முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தோடு கொடுத்தால் யாரோ ஒருவர் எழுந்து வந்து பார்த்தாக வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் எவ்வளவோ இருக்கிறது.

செயலாளர் அடுத்த வாரமே என்னை வைசியாள் வீதிக்கு நடத்திக் கூட்டிப் போனார். கால்வே சுப்புராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். அத்தனை வருடம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. 2002 முதல் 2004 வரை ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னெவ் சுர் லோட் ஆகிய ஊர்களோடு கூட்டுச் சேர்ந்து, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் வழிகாட்டுதலில் அந்த வீதியில் சுமார் 20 வீடுகளின் முகப்பைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. அவர் என்னிடம் விருதைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னார். பிறகு குனிந்து, தாழ்வாரத்துத் தூண்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்பதைக் காட்டினார். "ஒரு வீட்ட மட்டும் பண்ணியிருந்தா ஒருத்தனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். வரிசையா பண்ணுனதாலதான் இது வீதி" என்றார். எனக்கு என் நான்கு தூண்கள் ஞாபகம் வந்தன. எங்கள் வரிசையில் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

அவர் கொடுத்த இரண்டாவது உதவி ஒரு மேஸ்திரி. எழுபது வயது, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். தனியாக ஒரு வீட்டுக்கு வேலை என்றால் அவர் வரமாட்டார். நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தனியாகத் தயாராக வேண்டும். பூசிய பூச்சை நனைத்து நனைத்துக் காயவிட வேண்டும். ஒரு வீட்டில் காயும் நேரத்தில் மேஸ்திரி சும்மா உட்கார முடியாது, அடுத்த வேலைக்குப் போய்விடுவார், பிறகு பிடிக்க முடியாது. சங்கம் என்ன செய்தது என்றால், வேலை இருக்கும் மூன்று நான்கு வீடுகளை வரிசைப்படுத்தி, அவருக்கு ஐந்து மாதம் தொடர்ந்து இந்த வீதியிலேயே வேலை இருக்கும்படி பார்த்துக்கொண்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரே லோடாக வந்தது, வண்டிக் கூலி நான்காகப் பிரிந்தது. சாரக் கம்புகள் வீடு வீடாக நகர்ந்தன. என் வீட்டுக்குப் பின்னால் ஊறிய சுண்ணாம்புத் தொட்டியில்தான் பக்கத்து வீட்டு அக்காவின் சாமி அறைக்கும் எடுத்தார்கள். பொதுச்சுவரின் செலவை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டோம். மானியம், நன்கொடை என்று தேடி அலைவதற்கு முன் இந்த மாதிரி ஏற்பாட்டை யோசியுங்கள். எனக்கு ஒரு ரூபாய் மானியம் வரவில்லை. ஆனால் சரியான வேலை மொத்தமும், இரண்டு வருடத்தில் தவணை தவணையாக, 5 லட்சத்து 80 ஆயிரத்தில் முடிந்தது. தப்பான வேலைக்கு ஆனதைவிடக் குறைவு.

மேஸ்திரி முதல் நாள் மாடியில் ஏறிக் காங்கிரீட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவ்ளோ பாரத்தக் கெழவன் தலையில ஏத்திவெச்சா அவன் என்னா பண்ணுவான்?" என்று கேட்டார். கெழவன் என்றது உத்தரத்தை. மிஷின் வைத்து உடைக்கக் கூடாது, அதிர்ச்சியில் மொத்தத் தளமும் இறங்கிவிடும் என்று, உளியும் சுத்தியுமாகப் பதினேழு நாள் கைவேலையாகவே பெயர்த்தார்கள். அரசங்கன்றை நான் பிடுங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். பிடுங்கினால் வேரோடு சுவரும் வரும். அடியோடு வெட்டி, வேரைச் சாகடித்து, அது காய்ந்தபிறகுதான் சந்தை அடைக்க வேண்டும். வெளிப்பூச்சைத் தரையிலிருந்து இடுப்புயரம் வரை தட்டியெடுத்துவிட்டு, ஒரு முழு வெயில் காலம் சுவரை அம்மணமாகவே விட்டுவைத்தார். வீதியில் போகிறவர்கள் எல்லாம் பணம் தீர்ந்துவிட்டதா டீச்சர் என்று கேட்டார்கள். உப்பு வெளியே வர வர ஈரத் துணியும் பிரஷ்ஷும் வைத்து நானே தேய்த்து எடுத்தேன். அந்த நான்கு மாதக் காத்திருப்புதான் இந்த வேலையில் மிகவும் கஷ்டம். பூசிவிடு, மூடிவிடு என்று மனது அடித்துக்கொள்ளும். மூடாதீர்கள்.

ஆனால் சுவர் மட்டும் சரியாகி என்ன பயன்? தண்ணீர் வீதியிலிருந்துதான் வந்தது. என் சின்ன வயதில் எங்கள் திண்ணைக்கு மூன்று படி. பிறகு ஒன்றரைதான் மிஞ்சியது. வீதியில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு வீதி உயர்ந்துவிட்டது. வீடு தாழவில்லை, வீதி ஏறிவிட்டது. இதைத் தனி ஆள் எந்த ஒப்பந்தக்காரரை வைத்தும் சரிசெய்ய முடியாது. சங்கம் இரண்டு வருடம் இதே பாட்டைப் பாடியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று மனு, நினைவூட்டல், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி, மறுபடி மனு. சாலை வேலை ஆரம்பிக்கும் நாளில் சொல்லிப் பயனில்லை, மதிப்பீடு தயாராகும்போதே சுரண்டும் வேலை அதில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்று செயலாளர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒருநாள் காலையில் சுரண்டும் மிஷின் வந்து நின்றபோது அதைப் பார்க்கக் கூட்டமே கூடியது. பக்கத்து வீட்டு அக்கா ஆபரேட்டருக்குக் காபி கொடுத்தார். இரண்டாவது படியின் மீதிப் பாதியும் வெளியே வந்தது.

எல்லாம் இனிப்பாகப் போனது என்று எழுதினால் அது பொய். வீதி கொஞ்சம் முகம் கழுவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு வீடுகள் தங்கும் விடுதியாயின, ஒன்று காபிக் கடை. வாடகை ஏறியது. சங்கத்தில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள், பாதிப் பேர் வண்டி நிறுத்த இடமில்லை என்று சண்டை பிடித்தார்கள். எங்கள் வரிசையில் ஒரு திண்ணையில் இருபது வருடமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரை வீட்டுக்காரர் எழுப்பிவிடப் பார்த்தார்; திண்ணையில் கரித்தூசு படுகிறதாம். அன்றைய கூட்டத்தில் நான் முதல் தடவையாக எழுந்து சத்தமாகப் பேசினேன். திண்ணை என்று ஒன்று கட்டியதே வழியில் வருகிறவன் உட்காரத்தானே, அவரை எழுப்பிவிட்டு வெறும் திண்ணையை யாருக்குக் காட்டப்போகிறோம் என்று கேட்டேன். தீர்மானம் எல்லாம் போடவில்லை. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இஸ்திரிக்காரர் இப்போது என் திண்ணையில் இருக்கிறார். தாழ்வாரத்தைத் திரும்பப் போட்டாயிற்று. தேக்கு வாங்க வசதியில்லை, வேறு மரம். தூரத்தில் இருந்து பார்த்தால் வரிசை பிசகாது. கிட்டே வந்தால் தெரியும்.

சங்கம் ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு, பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒரு விஷயம். எங்களுடைய மூன்று வீதி தள்ளி இன்னொரு சங்கம் ஆரம்பித்து ஒரே வருடத்தில் படுத்துவிட்டது. அவர்கள் முதல் வேலையாகப் பெரிய விழா வைத்தார்கள். கோலப்போட்டி, மேடை, சால்வை. யாருக்கு முதல் சால்வை என்பதில் உடைந்தது. எங்களுடையது சாக்கடை மூடியில் ஆரம்பித்ததால், அதில் முதல் மரியாதைக்குப் போட்டியில்லை. அப்புறம் அந்த நோட்டு. எந்த வீட்டில் எந்த வருடம் என்ன வேலை நடந்தது, யார் செய்தார், எந்தக் கலவை, எவ்வளவு ஆனது என்று எல்லாம் அதில் இருக்கிறது. என் 6 லட்சத்து 16 ஆயிரமும் அதில் ஒரு பக்கம். எழுதச் சொன்னபோது வெட்கமாக இருந்தது. இப்போது புதிதாக யாராவது வீடு வாங்கி வந்தால் செயலாளர் முதலில் திறந்து காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, முகப்பைத் தொட அனுமதி வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். சாரம் கட்டியபிறகு கேட்பதைவிட அது நல்லது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் அப்படியே நின்றுவிட்டது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் இல்லை. நான் கூடத்தில், அந்த உத்தரத்துக்கு அடியில், டார்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டுக் கழி இப்போது இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பேரப் பிள்ளைகளோடு என் வீட்டில்தான் இருந்தார். அவர் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. வீதியில் முழங்கால் அளவு ஓடியது, இரண்டாவது படியைத் தொட்டு நின்றது. விடியும்வரை உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியில் மேற்கு மூலையில் மட்டும் ஒரு இடம் ஒழுகியது, குண்டான் வைத்தேன்.

காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் குச்சியால் பள்ளம் பார்த்துப் பார்த்துச் செயலாளர் வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் நோட்டு. "எங்க டீச்சர் ஒழுகுச்சு?" என்றார். காட்டினேன். மேற்கு மூலை, ஒரு குண்டான் என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.